இரண்டு மீட்டர் சேர்த்தால் போதுமா?

கேள்வி: ஐயா, என்னிடம் இரண்டு அச்சு பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் தலை வண்டி) ஒன்று இருக்கிறது. மூக்கில்லாத கேபின், பின்னால் ஏர் சஸ்பென்ஷன், அச்சு இடைவெளி 3.8 மீட்டர். வண்டியின் எடைத் தகட்டில் அதிகபட்சம் முன் அச்சுக்கு 7 டன், பின் அச்சுக்கு 11 டன் என்று போட்டிருக்கிறது. டிரெய்லரை விற்றுவிட்டேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருக்கின்றன. இதில் 7.2 மீட்டர் நீளத்துக்கு மூடிய பெட்டி கட்டி, சோபா, மெத்தை, அட்டைப்பெட்டிச் சரக்கு ஏற்றலாம் என்று எண்ணம். சரக்கு 6 டன்னைத் தாண்டாது. "நடுவில் அறுத்து 2 மீட்டர் சேர்த்தால் முடிந்தது, 4 நாள் வேலை" என்கிறார் பட்டறைக்காரர். எந்த இடத்தில் அறுப்பது, எந்தத் தகடு போடுவது என்று சொல்ல முடியுமா? அல்லது இதை விற்றுவிட்டு வேறு லாரி வாங்குவதுதான் நல்லதா?

பதில்: வணக்கம். உங்கள் பட்டறைக்காரர் சொன்ன 4 நாள் கணக்கு பொய்யில்லை. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் அறுத்து, நடுவில் துண்டு வைத்து, வெல்டிங் அடித்து, உள்ளே தகடு கொடுத்து எடுக்க அவ்வளவு நாள் போதும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலையைத்தான் அவர் சொல்லவில்லை. எங்கே அறுப்பது என்பது நீங்கள் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அது கடைசிக் கேள்வி. பெட்டியும் சரக்கும் எங்கே உட்காரும், அந்த எடையில் எந்த அச்சுக்கு எவ்வளவு போகும் என்று முதலில் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பின் அச்சு எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

டிரெய்லரின் பாரத்தில் பிரைம் மூவர் சுமக்கும் பங்கு மொத்தமும், டிரெய்லரை மாட்டும் ஃபிஃப்த் வீல் என்ற ஒரே இடத்தில்தான் இறங்குகிறது. அது பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். அதனால் பாரத்தின் பெரும்பகுதி நேராகப் பின் சக்கரத்துக்குப் போய்விடும், முன் அச்சுக்குச் சிறு பங்குதான் வரும். கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருக்கும் சட்டம் இழுவையைத் தாங்கும், இன்ஜின் முறுக்கைத் தாங்கும். சரக்கின் எடையால் பெரிதாக வளையாது. பெட்டி கட்டிவிட்டால் கதை மாறிவிடும். கேபின் முதுகிலிருந்து வால் வரை எடை பரவி உட்காரும். சட்டத்தின் நடுப்பகுதி அதுவரை பார்க்காத வளைவை அன்றுதான் பார்க்கும். போதாக்குறைக்கு அதே நடுப்பகுதியில்தான் நாம் அறுத்து ஒட்டவும் போகிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூடத்துத் தராசுக் கணக்குதான். எல்லா நீளத்தையும் முன் அச்சின் மையத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். உங்கள் கேபினுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, பெட்டி 1 மீட்டரில் தொடங்குவதாக வைத்துக்கொள்கிறேன். 7.2 மீட்டர் பெட்டி 8.2 மீட்டரில் முடியும். அதன் நடு 4.6 மீட்டரில் விழும். பெட்டி 2 டன், சரக்கு 6 டன், ஆக 8 டன்.

அச்சு இடைவெளியை 3.8 மீட்டராகவே விட்டால் என்ன ஆகும்? பாரத்தின் நடு, பின் அச்சுக்கும் பின்னால் 0.8 மீட்டர் தள்ளி விழுகிறது. 8 டன்னை 0.8 ஆல் பெருக்கி 3.8 ஆல் வகுத்தால் 1.7 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு எடை முன் அச்சிலிருந்து தூக்கப்படும். பின் அச்சில் 9.7 டன் ஏறும். ஏற்றுகிற சரக்கைவிடப் பின் அச்சில் ஏறும் பாரம் அதிகம்! ஸ்டீயரிங் பஞ்சு போல லேசாகிவிடும், ஈரமான வளைவில் வண்டி திரும்பாது. சட்டத்தை நீட்டாமல் "சின்னப் பெட்டி வைத்துப் பார்க்கலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். 3.8 மீட்டர் இடைவெளியில் பாரத்தின் நடு பின் அச்சைத் தாண்டக்கூடாது என்றால், பெட்டி 5.6 மீட்டரோடு நின்றுவிட வேண்டும். அப்போதும் முன் அச்சுக்குச் சரக்கில் ஒரு கிலோகூட வராது.

பட்டறைக்காரர் சொன்னபடி 2 மீட்டர் சேர்த்து 5.8 ஆக்கினால், பெட்டியும் சரக்குமாகச் சேர்ந்து முன் அச்சில் சுமார் 1.66 டன்னும் பின் அச்சில் 6.34 டன்னும் உட்காரும். பார்க்க அழகான கணக்கு. உங்கள் வகை வண்டி வெறும் வண்டியாக முன்னால் 5 டன், பின்னால் 2.2 டன் அளவுக்கு நிற்கும். அதைக் கூட்டினால் முன்னால் 6.66, பின்னால் 8.5. தகட்டுக்குள் அடங்கிவிட்டது என்று தாளை மடித்து வைத்துவிடத் தோன்றும்.

மடிக்காதீர்கள், இன்னொரு வரி போட வேண்டியிருக்கிறது. சரக்கை எப்படி இறக்குவீர்கள்? கதவு பின்னால் இருக்கிறது. முதல் கடையில் பின் பாதிச் சரக்கு, 3 டன் இறங்கிவிட்டது. மீதி 3 டன் பெட்டியின் முன் பாதியில் இருக்கிறது. அதன் நடு 2.8 மீட்டரில். அதிலிருந்து மட்டும் முன் அச்சுக்கு 1.55 டன் வருகிறது. பெட்டியின் பங்கு 0.41. மொத்தம் 1.96 டன். அதாவது 3 டன்னை இறக்கிய பிறகு முன் அச்சின் பாரம் 300 கிலோ ஏறியிருக்கிறது. 5 டன்னோடு கூட்டினால் 6.96. 7 டன் தகட்டுக்குக் கீழே 40 கிலோ மிச்சம். டிரைவரோடு இன்னும் ஒருவர் ஏறி உட்கார்ந்தாலே அது தீர்ந்துபோகும். இந்த வரியைப் போடாமல் கட்டிய வண்டிகளில்தான் முன் டயர் ஏன் இப்படித் தேய்கிறது என்று பிறகு தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நானாக இருந்தால் 2 மீட்டர் சேர்க்க மாட்டேன். 1.7 மீட்டர் சேர்த்து 5.5 மீட்டரில் நிறுத்துவேன். அதே பாதி இறக்கிய நிலையில் முன் அச்சு 6.8 டன்னில் நிற்கும். முழுப் பாரத்தில் 6.3 தான். பின் அச்சு 8.9, அதற்கு 11 டன் வரை இடம் இருக்கிறது. திரும்பும் வட்டமும் குறையும். பின் தொங்கல், அதாவது பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, 2.7 மீட்டர் ஆகும், இது அச்சு இடைவெளியில் 49 விழுக்காடு. தொங்கல் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சில நாடுகளில் விதி இருக்கிறது. உங்கள் இடத்து விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொங்கல் நீண்டால் வண்டி திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பதை டிரெய்லர் ஓட்டிப் பழகிய டிரைவருக்குச் சொல்லியும் வையுங்கள். அவருக்கு அது புதுப் பழக்கம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 5 டன், 2.2 டன் என்று நான் போட்டது இந்த வகை வண்டிக்குப் பொதுவாக வருகிற எடை. உங்கள் வண்டியை டேங்க் நிறைய டீசலோடு, டிரைவரை உட்காரவைத்து, எடைமேடையில் முன் அச்சு தனியாகவும் பின் அச்சு தனியாகவும் ஏற்றி எடை எடுங்கள். முன்னால் 200 கிலோ மாறினாலும் மேலே போட்ட முடிவு மாறும்.

இனி இரும்பு. லாரிச் சட்டம் என்றால் எல்லாம் ஒரே இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். சில சட்டங்கள் வெப்பப் பதம் கொடுத்தவை. அவற்றின் பலம் சுமார் 760 மெகாபாஸ்கலும் (எஃகின் பலத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலும் இருக்கும். அந்தப் பலம் பதத்தால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும், பலமும் கூடவே போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேறு சில சட்டங்கள் 500 மெகாபாஸ்கல் அளவுள்ள, வெல்டிங்குக்கு ஒத்துவரும் எஃகு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் யாரும் கட்டரைக் கையில் எடுக்கக்கூடாது. பல வண்டிகளில் சட்டத்தின் மீதே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கிரீஸைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள்.

அப்புறம், சேர்க்கிற துண்டு. பட்டறையில் சும்மா கிடக்கும் சாதாரணச் சேனல் இரும்பின் பலம் 250 மெகாபாஸ்கல் அளவுதான். கனம் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக அதை நடுவில் வைத்தால், சட்டத்தின் நடுவில் பாதிப் பலமோ மூன்றில் ஒரு பங்குப் பலமோ உள்ள ஒரு துண்டு உட்கார்ந்துவிடும். சட்டம் தாங்கும் வளைவு என்பது அதன் குறுக்குவெட்டின் வடிவத்தையும் எஃகின் பலத்தையும் பெருக்கி வருவது. ஒன்று குறைந்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும்.

உள்ளே போடும் வலுத்தகட்டைப் பற்றி உங்கள் பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தகட்டின் முனையை எப்படி முடிப்பீர்கள்?" நேராக, சதுரமாக வெட்டி முடிப்பேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள். தகடு திடீரென்று முடியும் இடத்தில் சட்டத்தின் விறைப்பும் திடீரென்று மாறும், விரிசல் அங்கேதான் பிறக்கும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஒட்டிய இடம் கல்லு மாதிரி இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, வலுத்தகடு முடிந்த கோட்டிலேயே, கீழ் விளிம்பிலிருந்து விரிசல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. தகட்டின் முனைகள் சாய்வாக முடிய வேண்டும். உள் தகடும் வெளித் தகடும் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் முடியக்கூடாது. போல்ட் ஓட்டைகள் சட்டத்தின் செங்குத்தான பக்கத்தில் மட்டும்தான். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டையும் கூடாது, குறுக்கு வெல்டிங்கும் கூடாது. வளைவின் முழு இழுப்பும் அமுக்கமும் அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் வண்டியைச் செய்த நிறுவனம் அதே கேபின், அதே இன்ஜினோடு, அச்சு இடைவெளி நீண்ட ரிஜிட் லாரியும் (கேபினும் பெட்டியும் ஒரே சட்டத்தில் இருக்கும் லாரி) செய்திருக்கலாம். அப்படி இருந்தால் பாடி கட்டுபவர்களுக்கென்று அவர்கள் வெளியிடும் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த அச்சு இடைவெளிகள் செல்லும், எங்கே அறுக்கலாம், எங்கே அறுக்கவே கூடாது, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் எத்தனை துண்டு என்று எல்லாமே அதில் இருக்கும். விபத்தில் கேபின் போன, ஆனால் சட்டம் நேராக இருக்கிற அதே வரிசை ரிஜிட் லாரி கிடைத்தால், அதன் நீளச் சட்டங்களை முழுசாக எடுத்துப் போடுவதுதான் என் முதல் தேர்வு. வேலை அதிகம், ஆனால் ஒட்டுப்போட்ட இடம் என்று ஒன்று இருக்காது.

ஷாஃப்ட்டுக்கு வருவோம். இப்போது உங்கள் வண்டியில் ஒரே துண்டு ஷாஃப்ட் இருக்கும். அதே குழாயை 1.7 மீட்டர் நீட்டிவிட முடியாது. குழாய் நீண்டால் அது துள்ள ஆரம்பிக்கும் சுழல்வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நீளம் இரட்டித்தால் அந்த வேகம் கால்வாசியாகும். ஒரு துண்டு சுமார் 1.8 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆகவே இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங், அதைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம். ஷாஃப்ட் முனைகளில் மடங்கிச் சுழலும் கிராஸ் ஜாயிண்டுகளின் கோணம் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். ஆனால் பூஜ்யமாகவும் இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் குழி விழும். ஜோடியாக வேலை செய்யும் இரண்டு ஜாயிண்டுகளின் கோணங்கள் 1 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஏர் சஸ்பென்ஷனில் காற்று நிறைந்து சரியான ஓட்ட உயரத்தில் வண்டி நிற்கும்போது கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். காற்று இறங்கி நிற்கும்போது அளந்தால் எல்லாம் வீண்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பிரேக்தான், ஏனென்றால் தப்பாக இருந்தாலும் காலி வண்டியில் அது தெரியாது. சில பிரைம் மூவர்களில் டிரெய்லர் மாட்டாமல் தலை மட்டும் ஓடும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பின் பிரேக்கின் காற்றழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிரெய்லருக்குக் காற்று போகிறதா என்பதை வைத்து அது முடிவெடுக்கும். டிரெய்லர் குழாயை அடைத்துவிட்டு மேலே பெட்டி கட்டினால், அந்த வால்வைப் பொறுத்தவரை வண்டி என்றைக்கும் காலித் தலைதான். 8 டன் மேலே உட்கார்ந்திருக்கும்போதும் பின் பிரேக்குக்குப் பாதிக் காற்றுதான் போகும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டு ரிஜிட் லாரிக்கான ரிலே வால்வு (பின் பிரேக்குக்குக் காற்றைச் சட்டென்று விடும் வால்வு) போட வேண்டும். அது இல்லாமல், ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பையில் (ஏர் பெல்லோஸ்) இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வகையாக இருந்தால், புதிய எடைகளுக்கு ஏற்ப அதைத் திரும்ப அமைக்க வேண்டும்.

பின் அச்சு 1.7 மீட்டர் தள்ளிப் போவதால் காற்றுக் குழாயும் நீளும். ரிலே வால்வு அச்சுக்குப் பக்கத்திலேயே கூடப் போக வேண்டும். பழைய இடத்தில் விட்டுவிட்டுக் குழாயை மட்டும் நீட்டினால் பிரேக் பிடிப்பதும் விடுவதும் தாமதமாகும். அறுத்த இடத்தில் நைலான் குழாயையும் அறுத்து ஒட்டு போடுவதை நான் ஏற்பதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுக் குழாய் போடுங்கள், பெரிய செலவில்லை. பின்னாளில் சின்ன டிரெய்லர் ஒன்று இழுக்கிற எண்ணம் இருந்தால், டிரெய்லருக்குக் காற்று கொடுக்கும் சிவப்புக் குழாயையும் மஞ்சள் (சில நாடுகளில் நீலம்) குழாயையும் வெட்டி எறியாமல், பின் முனை வரை நீட்டி வையுங்கள்.

பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சென்சார் கம்பிகளுக்கும் இதே கதைதான், முறுக்கிய ஜோடிக் கம்பியாகவே நீட்ட வேண்டும். வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு இருந்தால் அதன் நினைவில் அச்சு இடைவெளி 3.8 என்று எழுதியிருக்கும். ஸ்டீயரிங் இவ்வளவு திரும்பினால் வண்டி இவ்வளவு திரும்ப வேண்டும் என்று அதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. மாற்றி எழுதாவிட்டால் சாதாரண வளைவில்கூட, வண்டி சறுக்குகிறது என்று எண்ணி ஒரு சக்கரத்தைத் தானே பிடித்துவிடலாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் மட்டும்தான் மாற்றி எழுத முடியும், அவர்கள் மறுக்கவும் கூடும். முன்கூட்டியே கேளுங்கள். சட்டத்தில் வெல்டிங் அடிக்கும் அன்று பேட்டரி, ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்ப், வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெட்டியை நேராகச் சட்டத்தின் மேல் வைத்து இறுக்கிவிடாதீர்கள். ஓட்டத்தில் சட்டம் முறுக்கும், பெட்டி முறுக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு துணைச் சட்டம் வேண்டும். முன் பக்கம் ஸ்பிரிங் வைத்த, கொஞ்சம் அசைய விடுகிற பிடிப்பு. பின் பக்கம் அசையாத தகட்டுப் பிடிப்பு. யூ போல்ட் போடும் இடங்களில் சேனலின் உள்ளே முட்டுக்கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விளிம்பு மடங்கிவிடும். முன் பக்கத்தையும் இறுக்கிக் கட்டினால் முதலில் பெட்டியின் முன் மூலைகள் கிழியும், அப்புறம் கேபினுக்குப் பின்னால் சட்டம் கீறும்.

மற்றவை சின்ன வேலைகள், ஆனால் மறந்துவிடுவார்கள். கேபின் முதுகில் சைலன்ஸர் மேல்நோக்கி நின்றால் இடம் மாற்ற வேண்டும். பிரைம் மூவருக்குப் பின்புறத் தடுப்புச் சட்டம் தேவைப்படாத இடங்களில்கூட ரிஜிட் லாரிக்கு அது கட்டாயமாக இருக்கும், பக்கத் தடுப்பும் சேர்த்து. பக்க விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை, நீள கேபிள், எல்லாவற்றையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் வண்டியின் வகையே மாறும். அறுத்த பிறகு போய் அனுமதி கேட்டால் அதிகாரி கையைவிரித்துவிடுவார். வரைபடத்தோடு முன்னாலேயே போங்கள்.

விற்பதா, மாற்றுவதா? 40 டன் இழுப்பதற்கென்று வந்த இன்ஜினும் கியரும் அச்சும் 15 டன் வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும். அவற்றின் எடையையும் தினமும் நீங்கள்தான் சுமந்து டீசல் ஊற்ற வேண்டும். உங்கள் 6 டன் சரக்குக்கு அதற்கென்றே செய்த ரிஜிட் லாரி லேசாக இருக்கும், குறைவாகக் குடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் "விற்றுவிடுங்கள்" என்றே சொல்வேன். உங்களுக்கு மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். சோபா, மெத்தை போன்ற லேசான சரக்குக்கு ஏர் சஸ்பென்ஷன் பெரிய வரம். ஏர் சஸ்பென்ஷனுக்குப் பதிலாக பிளேட் பட்டை (இரும்புப் பட்டை ஸ்பிரிங்) வைத்த கனரக வண்டியாக இருந்தால் பாதிப் பாரத்தில் சரக்கு குதித்தே உடைந்திருக்கும். ஆகவே இரண்டு விஷயம் சரியாக வந்தால் மாற்றுங்கள்: அதே வரிசையில் ரிஜிட் லாரி இருந்து, கையேட்டில் 5.5 மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் அச்சு இடைவெளி இருக்க வேண்டும். மின்னணு அமைப்பை மாற்றி எழுத சர்வீஸ்காரர்கள் சம்மதிக்க வேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் விற்றுவிடுங்கள். நல்ல இன்ஜினோடு இருக்கும் பிரைம் மூவரை அறுக்காமல் விற்றால்தான் விலை கிடைக்கும், அறுத்துப் பாதியில் நிறுத்தினால் பழைய இரும்புக்காரர்தான் வருவார்.

எடைமேடைச் சீட்டு, கேபின் முதுகுக்கும் முன் அச்சுக்கும் உள்ள தூரம், சட்டத்தில் ஸ்டிக்கர் இருந்தால் அதன் படம், இந்த மூன்றையும் அனுப்புங்கள். அறுக்க வேண்டிய இடத்தை அப்போது கோடு போட்டுத் தருகிறேன்.